இடது பக்க நாலு நட்டு

என் மருமகளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசுவேன், பொறுத்துக்கோங்க. பையனைப் பத்திப் பீத்திக்க ஒண்ணுமில்ல. அவன் பங்கையும் சேர்த்து இவளுக்கே கொடுத்துடறேன். மருந்துக்கடையில வேலை பாக்குறான், தங்கமான பையன், ஆனா சைக்கிளுக்குக் காத்தடிக்கச் சொன்னா ஆள் தேடுவான். அவன் பொண்டாட்டி பெரிய ஒர்க்‌ஷாப்புல மெக்கானிக். ஆறு வருஷமா அங்க இருக்கா.

வம்பு என் பிக்கப்பால வந்தது. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனதும் வாங்கின வண்டி. நர்சரிக்குச் செடித் தொட்டியும் மண் மூட்டையும் ஏத்துறேன். பிக்கப்புன்னா வெறும் வண்டியா நிக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கித்தான் இருக்கும். பாரம் ஏறினா சமமாகட்டும்னு அப்படி வச்சிருக்கான். எனக்குப் பாக்கச் சகிக்கல. காணாமப்போன காசைத் தேடற மாதிரி என்ன இது குனிஞ்சுக்கிட்டுன்னு, முன்பக்கத்தை உசத்தி லெவல் பண்ணணும்னேன்.

"வேணாம் மாமா. நிக்கும்போது அழகாத்தான் இருக்கும். லோடு ஏத்தினா பின்னாடி உட்கார்ந்துடும்"னா மருமக.

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு நேத்து வந்தவ பாடம் எடுக்குறதான்னு, அவளுக்குத் தெரியாம வேற இடத்துல கொடுத்து லெவல் பண்ணிட்டு வந்தேன். முதல் லோடுலயே குட்டு வெளிப்பட்டுச்சு. பதினஞ்சு மூட்டை ஏறினதும் வண்டி பின்னாடி குந்திக்கிட்டு மூஞ்சியை வானத்துக்குத் தூக்கிடுச்சு. பொழுது சாஞ்சு விளக்கைப் போட்டா, எதிர்ல வர்றவன் கண்ணுல நேரா அடிக்குது. வழி நெடுக வாங்கிக் கட்டிக்கிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவ வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்தா. "பின்னாடி கட்டை வச்சுடலாம் மாமா"ன்னா, அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்.

கட்டைன்னா மரக்கட்டை இல்ல, இரும்பு. பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல பக்கத்துக்கு ஒண்ணா வைக்கணும். பின்பக்கம் ரெண்டு அங்குலம் உசரும், பாரம் ஏறி அமுங்கினா வண்டி மட்டமா நிக்கும்.

அந்த நேரம் பாத்து அவங்க ஒர்க்‌ஷாப்புல பிக்கப் பகுதிக்குத் தலைமை மெக்கானிக் இடம் காலி. ஏற்கனவே ரெண்டு தடவை இவளைத் தாண்டி வேற ஆளுக்குப் போன இடம். ரெண்டு தடவையும் இவ வீட்டுக்கு வந்து பேசாம துணி மடிச்சுக்கிட்டு இருந்ததை நான் பாத்திருக்கேன். இந்தத் தடவை முதலாளி, "உன் மாமனார் வண்டியையே பண்ணு. லோடோட நானே ஓட்டிப் பாக்குறேன். சரியா இருந்தா அந்த இடம் உனக்கு"ன்னுட்டார்.

சனிக்கிழமை காலையில வேலை. அவளுக்குக் கூடமாட ஒரு மெக்கானிக், பட்டப்பேரு பேராசிரியர். ஒரு போல்ட்டைக் கழட்டச் சொன்னா முதல்ல அதோட பூர்வீகத்தைச் சொல்லுவார். நான் ஓரமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எதையும் தொடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருந்தா.

அவ வேலை செய்யறதை அன்னைக்குத்தான் முழுசா பாத்தேன். முன் சக்கரத்துக்கு ஆப்பு வச்சா. பின்பக்கத்தைத் தூக்கி அடிச்சட்டத்துக்கு ஸ்டாண்டு கொடுத்தா, அச்சுக்கு அடியில ஜாக்கியை நிறுத்தினா. பட்டையையும் அச்சையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டைக் கழட்டி அச்சை இறக்கும்போது, ஜாக்கியில ஒரு கை, பிரேக் குழாய் மேல ஒரு கண்ணு. கட்டை வச்சு, அதோட முளை குழியில சரியா உட்கார்ந்துச்சான்னு விரலை விட்டுப் பாத்து, புது யூ போல்ட்டை மாட்டினா. பதறல, சிதறல. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துடுச்சு.

பக்கத்துக்கு நாலு நட்டு, மொத்தம் எட்டு. வண்டியைத் தரையில இறக்கி, டயர் மேல பாரம் நின்னப்புறம் அளவு ஸ்பேனரால கடைசியா இறுக்கணும். சரியான அளவு வந்ததும் அந்த ஸ்பேனர் 'டக்'குன்னு ஒரு சத்தம் கொடுக்கும். வலது பக்கம் அவ இறுக்கினா, ஒவ்வொரு நட்டுக்கும் மஞ்சள் பெயின்ட் பேனாவால ஒரு கோடு போட்டா. இடது பக்கத்தைப் பேராசிரியர்கிட்ட விட்டுட்டு, முதலாளியைக் கூப்பிட ஆபீசுக்குப் போனா. அவர் ஸ்பேனரைக் கையில எடுக்கக்கூட இல்ல, நடுரோட்டுல ஒரு வேன் நின்னுபோச்சுன்னு ஆள் வந்து கூப்பிட்டான். கையைத் துடைச்சுக்கிட்டு அவரும் போயிட்டார்.

நானும் வண்டியும்தான் மிச்சம். சும்மா இருக்க வேண்டியதுதானே? எனக்குக் கையும் காலும் சும்மா இருக்காது. குனிஞ்சு பாத்தேன். வலது பக்கம் நாலு நட்டுலயும் அழகா மஞ்சள் கோடு, இடது பக்கம் ஒண்ணுலயும் இல்ல. அடடா, மறந்துட்டாங்களே, முதலாளி வந்து பாத்தா அரைகுறை வேலைன்னு நினைப்பாரேன்னு தோணுச்சு. பேனாவை எடுத்து நாலுலயும் கோடு இழுத்துவிட்டேன். அவ போட்டதை விட நேரா வந்துச்சுன்னு ஒரு சந்தோஷம் வேற.

முதலாளி வந்தார். மூட்டை ஏறுச்சு. அவர் குனிஞ்சு பாத்துட்டு, "இது என்ன கோடு?"ன்னார்.

"அளவா இறுக்கின நட்டுல மட்டும் போடுவோம் சார். கோடு இருந்தா அதை மறுபடி பாக்க வேண்டியதில்ல. இடது பக்கம் பேராசிரியர் முடிச்சிருக்கார்"னா அவ.

நான் விரல்ல ஒட்டியிருந்த மஞ்சளை வேட்டியில துடைச்சேன்.

முதலாளி ஸ்டியரிங்ல உட்கார்ந்தார், பக்கத்துல அவ. எஞ்சின் ஓடுது. எனக்குத் தெரிஞ்சது உலகத்துல வேற யாருக்கும் தெரியாது. சொன்னா அவ ஆறு வருஷக் கனவு என்னால போச்சு. சொல்லலன்னா, அச்சு நகர்ந்து வண்டி எங்க போய் நிக்குமோ. முப்பத்தொரு வருஷத்துல நான் யார்கிட்டயும் தப்புன்னு ஒத்துக்கிட்டது கிடையாது. பொண்டாட்டிகிட்டக்கூட இல்ல. போய் வண்டிக்கு முன்னாடி நின்னு பானட்டுல கையை வச்சேன்.

"ஆஃப் பண்ணுங்க சார். இடது பக்கக் கோடு நான் போட்டது. நட்டை யாரும் இறுக்கல."

முதலாளி மூஞ்சி கல்லாயிடுச்சு. அவ இறங்கி வந்தா. கன்னத்துல ரெண்டு வைப்பான்னு நினைச்சேன், வச்சிருந்தா வாங்கியிருப்பேன்.

"வலது பக்கம் தொட்டீங்களா மாமா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

பெயின்ட் கரைக்கிற தின்னர்ல நனைச்ச துணியை எடுத்து எட்டுக் கோட்டையும் அழிச்சா.

"எட்டையும் எதுக்கு அழிக்கிற?"ன்னார் முதலாளி.

"ஒரு கோடு பொய்யாயிடுச்சுன்னா எந்தக் கோட்டையும் நம்பக்கூடாது சார். இருபது நிமிஷம் கொடுங்க."

இடது பக்கத்துல ஆரம்பிச்சா. முதல் நட்டு அரைச் சுத்து சுத்தினதுக்கப்புறம்தான் 'டக்'. அடுத்தது அதுக்கும் மேல. ஒவ்வொரு சுத்துக்கும் நான் ஒரு அங்குலம் குறைஞ்சேன். அப்புறம் வலது பக்கம். ஸ்பேனரை வச்சு அழுத்தினா, நட்டு ஒரு மயிரிழைகூட அசையல, உடனே 'டக்'. ரெண்டாவது, அதே மாதிரி. மூணாவதுக்கு முதலாளி தரையில முட்டி போட்டு, கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டு பாத்தார். நாலாவதும் அசையல.

"இந்தப் பக்கம் யார் இறுக்கினது?"

"நான்தான் சார்."

அவர் முட்டியைத் தட்டிவிட்டு வண்டியில ஏறினார், அவளும் ஏறினா. அரை மணி நேரம் ரெண்டு பேரும் வரல. நான் கேட்டுல நின்னு போற வர்ற வண்டியெல்லாம் எண்ணினேன். திரும்பி வந்ததும் முதலாளி டேப்பை எடுத்து நாலு சக்கரத்துக்கு மேலயும் அளந்தார். பதினஞ்சு மூட்டையோட வண்டி பலகை மாதிரி மட்டமா நிக்குது. எனக்கு ஊரையே கூப்பிட்டுக் காட்டணும் போல இருந்துச்சு.

"திங்கள்கிழமையிலருந்து அந்தப் பகுதி உன்னுது. யாரை வச்சுக்கணும், யாரை விடணும்னு நீயே பாத்துக்கோ. ஆனா உன் மாமனார் இனிமே உள்ள கால் வைக்கக்கூடாது"ன்னார்.

நியாயம்தான்னு நான் செருப்பை மாட்டினேன். அவ விடல.

"சார், அவர் கையில பேனா கொடுக்க மாட்டேன். ஆனா அவர் வருவார். தப்பு பண்ணிட்டு, ஓடப்போற வண்டிக்கு முன்னாடி வந்து நின்னு சொல்ற ஆளு எனக்கு வேணும். இங்க இருக்கறவங்களுக்கும் அதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுக்கப் போறேன்."

முதலாளி என்னைப் பாத்தார், அவளைப் பாத்தார், சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டார். அவ சிரிச்சுக்கிட்டே வண்டிச் சாவியை என் சட்டைப் பையில போட்டுட்டு, "வீட்டுக்குப் பாத்துப் போங்க மாமா"ன்னா.