நுனிதானே

"டிஸ்டல்தாம்மா," என்றார் கம்பெனி டாக்டர், அப்பாவின் வலது ஆள்காட்டி விரலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல். "நுனிதானே போயிருக்கு. நாளைக்கே பழைய சீட்ல உக்காரலாம்."

"சரிங்க சார்," என்றார் அப்பா.

இந்த மனிதருக்கு வேறு வார்த்தையே வராது. ஆள் வரவில்லை, ஒரு நாள் மட்டும் பிரஸ் மெஷினில் நில் என்றபோதும் இதே 'சரிங்க சார்'தான். அன்றைக்குத்தான் அந்த மெஷின் விரலைக் கடித்தது.

எங்கள் வீட்டின் முதல் டிகிரி என்னுடையது. பிசியோதெரபி. படிப்பில் சேர்ந்த முதல் வாரமே உருப்போட்ட சொல் இந்த டிஸ்டல். உடம்போடு கை சேரும் இடத்திலிருந்து தள்ளிப் போகப் போக டிஸ்டல். தோளைவிட முழங்கை, முழங்கையைவிட மணிக்கட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில் விரல்நுனி. தள்ளி நிற்பது என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அற்பமானது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அப்பாவின் வேலை பிசிறு பார்ப்பது. வெட்டி வரும் இரும்பு வளையங்களின் விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு அந்த நுனியை ஓட்டுவார். கண்ணுக்குச் சிக்காத பிசிறும் அதற்குச் சிக்கும். இருபத்திரண்டு வருடம். இனி நாலு வளையம் தப்பிப் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்டோரில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. 'வேறு வேலை தரவும்' என்று இந்த டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும். அதற்குத்தான் லீவு போட்டுக் கூடவே வந்தேன்.

"டிஸ்டல்னா தள்ளி இருக்குன்னு அர்த்தம் சார். தேவையில்லன்னு இல்ல. நீங்க தோள்லேர்ந்து அளக்கறீங்க. அவர் வேலை அந்த நுனியிலதான் ஆரம்பிக்குது."

"எனக்கே பாடம் எடுக்கறியாம்மா?"

"யாராவது எடுக்கணுமே சார்."

"பாப்பா, வாயை மூடு," என்றார் அப்பா. பிறகு டாக்டரிடம், "ஸ்டோர்லாம் வேணாம் சார். நடுவிரலைப் பழக்கிட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஐந்து வாரமாக வீட்டு டம்ளர் விளிம்பையெல்லாம் தடவிக்கொண்டிருந்தது இதற்குத்தானா? "டம்ளர் தேஞ்சிடப் போகுதுப்பா" என்று நான் கத்தியபோதெல்லாம் சிரித்துக்கொண்டே இருந்தாரே!

மேசையில் கிடந்த இரும்பு ஸ்கேலை அவரே எடுத்தார். கட்டுப் போட்ட விரலை ஒதுக்கி மடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, நடுவிரலை விளிம்பில் மெதுவாக ஓட்டினார். விரல் ஒருமுறை போய் வந்தது. மறுமுறையும் போய் வந்தது. மூச்சுக்கூட விட்ட மாதிரி தெரியவில்லை.

"சுத்தமா இருக்கு சார்."

"பாத்தியாம்மா?" என்ற டாக்டர் பேனாவைத் திறந்து, குனிந்து எழுத ஆரம்பித்தார்.

ஸ்கேலில் பன்னிரண்டாம் கோட்டருகே ஒரு பிசிறு துருத்திக்கொண்டிருந்தது. அப்பாவின் கட்டுத்துணியிலிருந்து ஒரு வெள்ளை நூல் அதில் மாட்டி, மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.