நிலைமை நீடிக்கும்

ஸ்பெசியோஸ் மூன்றாவது ஆண்டாகக் கர்ப்பமாக இருந்தாள். புஜும்புரா நகரத்தில் அவள் குடியிருந்த மேட்டுத்தெருவில் இது எல்லாருக்கும் தெரியும். அவளைக் கண்டால் உட்கார இடம் கொடுப்பார்கள், சர்க்கரை எங்காவது கிடைக்கிறதா என்று விசாரிப்பார்கள், போய்விடுவார்கள். முதல் ஆண்டு முடிவில் பரிசோதித்த டாக்டர், குழந்தைக்கு முழு வளர்ச்சி, எப்போது வேண்டுமானாலும் பிறக்கலாம் என்றார். இரண்டாம் ஆண்டு முடிவிலும் அதையே சொன்னார். மூன்றாம் ஆண்டு அவர் பிரஸ்ஸல்ஸுக்குக் குடிபோய்விட்டார்.

அவள் கணவன் சிந்தாயிகாயா அரசு அலுவலகம் ஒன்றில் அதிகாரி. வரும் ஆண்டில் நாட்டின் அரசியலும் பொருளாதாரமும் எப்படி இருக்கும் என்ற அறிக்கையை டிசம்பர்தோறும் எழுதுவது அவன் வேலை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதுவான். பெட்ரோல் தட்டுப்பாடு தீரும், மின்சாரம் தடைபடாது, விலைவாசி ஏறாது, அமைதி நிலவும், தற்போதைய நிலைமை நீடிக்கும். மேலிடத்துக்கு வேண்டியது அதுதான். அவனுக்கு முன்னால் வேறு மாதிரி எழுதியவரை எல்லைச் சாவடிக்கு மாற்றினார்கள். சில மாதம் கழித்து விசாரித்தபோது அவர் அங்கேயும் இல்லை.

நாட்டில் அந்த அறிக்கையின் ஒரு வரிகூடப் பலிக்கவில்லை. அவன் வீட்டில் மட்டும் எல்லா வரிகளும் பலித்தன. தெரு முழுக்க இருண்டு கிடக்க அங்கே விளக்கு எரிந்தது. பின்கட்டுப் பீப்பாயில் எடுக்க எடுக்கப் பெட்ரோல் இருந்தது. பீன்ஸ் மூட்டை தீரவே இல்லை. அமைதியும் நிலவியது. நாய் குரைப்பதை விட்டது. ஸ்பெசியோஸுக்குக் கோபம் வந்தால் தொண்டை வரை வரும், வாயைத் திறந்தால் "சாப்பிட்டீங்களா?" என்று வெளியே விழும். நிலைமை நீடித்ததால் பிள்ளையும் வயிற்றிலேயே இருந்தது. அக்கா வீட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொள்ளலாம் என்று அவள் பலமுறை கிளம்பினாள். ஏறிய பஸ்ஸெல்லாம் டீசல் தீர்ந்து ஊர் எல்லையில் நின்றன. இறங்கி நடந்தால், எந்தச் சாலையும் வளைந்து வளைந்து அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டது.

காரணம் அவளுக்கு வானொலி கேட்டுக்கொண்டிருக்கும்போது புரிந்தது. புத்தாண்டன்று அறிக்கையை வாசித்தார்கள். "தற்போதைய நிலைமை நீடிக்கும்" என்றதும், புரளப் பார்த்த குழந்தை பழைய இடத்திலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. அந்த ஆண்டு அது பேசக் கற்றது. வயிற்றுக்குள்ளிருந்து ஆட்டின் பெயரும் மழையின் பெயரும் சொன்னது. வீட்டுக்குள் அதுவும் இனிமையாகத்தான் பேசியது.

அடுத்த டிசம்பரில் சிந்தாயிகாயா மேசையில் தாளை விரித்தபோது, ஸ்பெசியோஸ் அவன் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துவந்தாள். வாசலை ஒட்டி பெட்ரோல் வரிசை நின்றது. வரிசையில் டாக்ஸிக்காரன் புகுரு தன் வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு நாலாவது நாளாகக் கிடந்தான். வாசலைத் தாண்டியதும் மூன்று ஆண்டுக் கோபமும் அவளுக்கு ஒன்றாக வந்தது.

"இந்த வருஷமும் அதையேதான் எழுதப் போறீங்களா?"

"மெதுவாப் பேசு. ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அவங்களுக்குத் தெரியாததையா சொல்லப் போறேன்? நாலு நாளா இங்கதானே கிடக்கிறாங்க. தட்டுப்பாடு தீரும்னு எழுதினது நீங்கதானே?"

புகுரு கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஐயாவா எழுதினது? நல்லா இருந்துச்சுய்யா. அதைக் கேட்டுத்தான் நான் வண்டியே வாங்கினேன்" என்றான். வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

சிந்தாயிகாயா தலை குனிந்து நின்றான். மாற்றி எழுதினால் தன்னை என்ன செய்வார்கள் என்று அவளுக்கே தெரியும் என்றான். வீட்டில் வெளிச்சம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, இந்த ஊரில் வேறு யாருக்கு அது வாய்த்திருக்கிறது என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் வயிற்றிலிருந்து குரல் வந்தது. தெருவில் அது இனிமையாகப் பேசவில்லை.

"அப்பா, கால் நீட்ட இடமில்ல."

சிந்தாயிகாயா மனைவியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தாளையும் பேனாவையும் எடுத்துவந்தான். மேசையில் உட்கார்ந்தால் கை வழக்கமானதைத்தான் எழுதும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. டாக்ஸியின் பானெட்டில் வைத்து எழுதினான். வரும் ஆண்டு கடினமாக இருக்கும். பெட்ரோலுக்கு வழியில்லை. பிராங்கின் மதிப்பு இன்னும் விழும். மக்கள் பொறுமை இழப்பார்கள். எதுவும் மாறலாம். அதை எழுதி முடித்ததும் வீட்டில் விளக்கு அணைந்தது, நாய் குரைத்தது, ஸ்பெசியோஸுக்குப் பனிக்குடம் உடைந்தது.

பீப்பாயைத் திறந்து பார்த்தார்கள், காய்ந்து கிடந்தது. அவளை ஏற்றிக்கொண்ட புகுருவின் டாக்ஸியை வரிசையில் நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள். மேட்டுத்தெருவிலிருந்து ஏரிவரைக்கும் இறக்கம்தான் என்பதால், அது ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் ஏரிக்கரை ஆஸ்பத்திரி வாசல்வரை உருண்டது. பிறந்தது பெண். தோள்வரை முடி. தொப்புள்கொடியை வெட்டும்வரை பொறுமையாக இருந்து, பிறகு இரண்டு காலையும் நன்றாக நீட்டிப் படுத்துத் தண்ணீர் கேட்டது. தாதி அதற்கு டம்ளரில் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு எந்த ஆபீஸ் என்று விசாரித்தாள். அறிக்கை எழுதுகிற ஆபீஸ் என்றார்கள். அதை வானொலியில் வாசிப்பவரின் மனைவிக்குப் போன மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதிலேயே பையன் பிறந்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சிந்தாயிகாயாவை எல்லைச் சாவடிக்கு மாற்றினார்கள். பயம் அவனை விட்டுப் போகவில்லை, ஆனால் மனைவியோடு வாய்விட்டுச் சண்டை போட முடிந்தது. அவன் எழுதியதைக் கிழித்துவிட்டு, பழைய அறிக்கையைப் புதிய அதிகாரி ஒருவர் பெயரில் வெளியிட்டார்கள். வீடு அரசாங்கத்துடையது, அவர் குடிவந்தார். அவர் மனைவிக்கு இரண்டு மாதம். ஸ்பெசியோஸ் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்து, தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா அக்கா என்று கேட்டாள். ஸ்பெசியோஸ் அவளை உட்காரவைத்தாள்.

"உள்ள இருக்கும்போதே பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரும்மா. அதுக்கும் பொழுது போகணும்ல" என்றாள்.

அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு, பின்னறையில் காலை வெயில் படுமா என்று விசாரித்தாள்.