நொண்டிக் கழுதையின் தாளம்

கோப்ரே மாதா மீது ஆணை, செத்துப்போன மாமியார் மீதும் ஆணை: இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய்யென்றால் நாளை முதல் ரம் தொண்டையில் இறங்காமல் போகட்டும்.

குவாந்தானமோ மலைப்பக்கம் எவரிஸ்தோ என்றொரு பாடகர் இருந்தார். அவர் குரலெடுத்தால் அடுத்த மலையில் வாழைக்காய் பழுத்துவிடும். எதிர்க்காற்று அடித்தால் மட்டும் ஓரிரு நாள் தாமதமாகும்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு குறை. தாளம் வராது. எங்கள் பக்கம் பாட்டுக்கு உயிர் கிளாவே, ஒன்றோடொன்று தட்டும் இரண்டு கட்டைகள். டக், டக், டக்... டக்-டக். மூன்று, பிறகு இரண்டு. பன்றி திருடினவனை மன்னித்துவிடுவோம். கிளாவே தப்பினவன் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம்.

எவரிஸ்தோவின் மானத்தைக் காப்பாற்றி வந்தது அவருடைய கோவேறு கழுதை கொந்தேசா. அதற்குப் பின்னங்கால் நொண்டி. நடந்தால் டக், டக், டக்... டக்-டக். அச்சு அசல் கிளாவே. பாடும்போதெல்லாம் அதை மேடையைச் சுற்றி நடக்கவிட்டு, குளம்பையே பார்த்துக்கொண்டு கட்டையைத் தட்டுவார். வித்வான் என்றால் ஏதாவது கிறுக்கு இருக்கத்தானே செய்யும் என்று ஜனங்களும் விட்டுவிட்டார்கள்.

தேங்காய் மிட்டாய் விற்கும் விதவை தோமாசா மீது அவருக்கு வெகுகாலமாக உயிர். கடைசியில் அவள் வாயைத் திறந்தாள்.

"இங்க பாருய்யா, திருவிழாவுல நான் ஆடுவேன். நான் ஆடி ஓயுற வரைக்கும் உன் தாளம் தப்பலன்னா உன்னையே கட்டிக்கிறேன். ஒரு தட்டு தப்புச்சு, அப்புறம் மிட்டாய்கூட விக்கமாட்டேன்."

திருவிழா அன்று மதியம் அனிசெத்தோ வந்தார். அவரும் பாடகர், அவருக்கும் தோமாசா மீதுதான் கண். கொந்தேசாவுக்குப் புது லாடம் அடித்து, காலை நீவி, ரம் தேய்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கழுதை நடந்தது. டக், டக், டக், டக். துல்லியமான அணிவகுப்பு.

"அடப்பாவி! என் கழுதையப் பட்டாளத்துல சேத்துட்டியேடா!"

"நல்லது செஞ்சா திட்டுறியே மச்சான். வாயில்லா ஜீவன், பாவம் பாத்தேன்."

"அதுக்கு வாய் எதுக்குடா? வாய்தான் என்கிட்ட இருக்கே! காலு அதோடது. ரெண்டு பேரும் சேந்துதான்டா ஒரு பாடகன்!"

"அது தெரிஞ்சுதான லாடமே அடிச்சேன்" என்று அனிசெத்தோ பல்லைக் காட்டினார்.

அதற்குள் மேளம் முழங்கிவிட்டது. தோமாசா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் இறங்கிவிட்டாள். எவரிஸ்தோ தரையில் தேடி, கூரான ஒரு கல்லை எடுத்து இடது பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டு மேடையேறினார். ஓர் அடி வைத்தார். உயிர் போயிற்று, தாளம் வந்தது. டக், டக், டக்... டக்-டக்.

வலி ஏற ஏறக் குரலும் ஏறியது. எதிர்மலையில் வாழைப்பழம் அழுகவே ஆரம்பித்துவிட்டது. இது ஏதோ புது ஆட்டம் என்று நினைத்து ஊரே நொண்டியது. பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நொண்டினார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அனிசெத்தோவும் நொண்டினார். அத்தனை பேரில் ஒழுங்காக நடந்த ஒரே ஜீவன் கொந்தேசாதான்.

தோமாசா ஆடி ஓய்ந்து, மூச்சு வாங்க மேடையருகே வந்தாள்.

"தாளம் தப்பல. சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆமா, ஏன்யா நொண்டுற?"

"பூட்ஸுக்குள்ள கல்லும்மா."

"எடுத்துட்டு ஒரு தரம் தட்டு, பாப்போம்."

எடுத்தார். தட்டினார். தோமாசா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ சாமி, திரும்பப் போடு! கோயிலுக்கும் அதோடயே வா. என்னிக்கு அந்தக் கல்ல எடுக்குறியோ, அன்னிக்குக் கழுதைகூடப் போய்ப் படுத்துக்க."

மறுவாரமே மணமகன் நொண்டிக்கொண்டு வந்து மோதிரம் போட்டார்.

அந்த வருஷம் புயலில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் திருவிழா நடக்கவே இல்லை. ஆனாலும் எனக்கு ரம் இன்னும் தொண்டையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.