மூலையில் ஒரு சஹன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இறைச்சிக்கடை மீரா சாஹிபுக்கும் குடைக்கடை பதியுதீனுக்கும் ஒரே வியாதி. முழங்கையிலும் விரலிடுக்கிலும் தோல் சிவந்து தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். ஒட்டாத வியாதி என்று டொக்டர் சொன்னார்தான். யார் நம்பினார்கள்? கல்யாண வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுத் தின்பார்கள். இவர்கள் இருவருக்கு மட்டும் மூலையில் தனிச் சஹன். எட்டு வருஷமாக அப்படித்தான். ஆறு பேர் சோறும் நமக்கே என்று இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் பதியுதீனின் கை தெளிந்தது. பக்கத்துக் கிராண்ட்பாஸில் ஒரு கல்யாணத்தில் ஆறாவது ஆளாக அவனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான். மீரா சாஹிப் மூலையில் ஒற்றையாளாக உட்கார்ந்தார். வயிறு எரிந்ததே தவிர, சோறு இறங்கவில்லை.

மறுநாள் பதியுதீனே இறைச்சிக்கடைக்கு வந்தான். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, டொக்டர் சொன்னபடி மாட்டுக் கொழுப்பையும் நெய்யையும் உட்டேன். சாளை மீனும் கீரையும்தான். அஞ்சு மாசம். எல்லாருக்கும் கேக்குமோ தெரியா, எனக்குக் கேட்டிச்சி. மகள் ஸமீமாட கலியாணத்துக்கு இன்னம் நாலு மாசம் இரிக்கே, நீங்களும் உட்டுப் பாருங்களேன்."

"இறைச்சிக்காரன்ட வாயவே கட்டப் பாக்கிறியா? மருந்த ஒளிச்சி வெச்சிக்கிட்டு மீன் கத கதைக்காத. போடா!"

மகள் ஸமீமாவும் கெஞ்சினாள். "வாப்பா, மாப்பிளயோட ஒரே சஹன்ல நீங்க இரிக்கோணும்."

"ஒனக்கும் அவன்தான் சொல்லித் தந்தானா?" என்று கேட்டு, சோற்றில் இன்னும் இரண்டு கரண்டி நெய்யை ஊற்றிக்கொண்டார்.

கல்யாணத்தன்று அவர் கை வெடித்து எரிந்தது. யாரும் சொல்வதற்கு முன்னே தானே மூலைக்குப் போனார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவனுக்கு வைத்த இடத்தில் பதியுதீனை உட்காரச் சொன்னார்கள்.

அவன் உட்காரவில்லை. நேரே வந்து மீரா சாஹிபுக்கு எதிரே சம்மணமிட்டான்.

மீரா சாஹிப் முகம் கொடுக்கவில்லை. சஹனைத் துழாவி, கொழுப்புள்ள இறைச்சித் துண்டாகப் பொறுக்கி அவன் பக்கம் தள்ளினார். "தின்னு."

பதியுதீன் துண்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "எனக்குத் திரும்பவும் செதில் வரோணுமா, நானா?"

"ஓம்," என்று சொல்லி மீரா சாஹிப் இன்னொரு துண்டையும் தள்ளினார்.