வாராவாரம் ஓடுகிற வண்டி

கண்ணாடிக்கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பழைய கார் வாங்க வேண்டும், விஷயம் அவ்வளவுதான். ஆனால் டீசலா பெட்ரோலா என்பதில் மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டு முழித்தார். எழுந்திருக்கும்போது டீசல் என்பார். பல் துலக்கி முடிப்பதற்குள் பெட்ரோலுக்கு வந்திருப்பார். கடைக் கதவைத் தூக்கும்போது மறுபடி டீசல்.

கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள்தான் பாவம். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி இருட்டறையில் உட்கார வைத்தபிறகு அவர்கள் எங்கே ஓட முடியும்? "இதுல தெளிவா தெரியுதா, இல்ல இதுலயா?" என்று வில்லைகளை மாற்றிப் போட்டுக்கொண்டே, "ஆமா, நீங்க வச்சிருக்கிறது டீசல் வண்டியா?" என்று வாயைப் பிடுங்குவார். ஒருவர் டீசலை ஆகா ஓகோ என்பார். அடுத்து வருகிறவர் டீசல் வாங்கி அழிந்த கதையைச் சொல்லிவிட்டுப் போவார். இந்த மும்முரத்தில் ஒரு வங்கி மேலாளருக்கு வலது கண் பவரை இடது பக்கமும் இடது கண் பவரை வலது பக்கமுமாக வெட்டிப் பொருத்திக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் மறுநாள் சுவரைப் பிடித்தபடி வந்து, "படியெல்லாம் மிதக்குதுய்யா!" என்று கத்தினார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு தப்பு நடந்ததே இல்லை. கண்ணாடிக்காரர் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டார். புது வில்லையை வெட்டும்போதே மெதுவாகத் தலையை நீட்டி, "உங்க வண்டி எதுல ஓடுது சார்?" என்றும் கேட்டார்.

வண்டி யாருக்காக என்றால், மனைவிக்காக. அவள் ஒரு துணி ஆலையின் சாயப் பிரிவில் வேலை பார்க்கிறவள். போன வருஷம் அரைநாள் பயண தூரத்தில் இருக்கும் கிளை ஆலைக்கு அவளை மாற்றினார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். "ஒரு வருஷந்தாங்க, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றாள். வாராவாரம் வருகிறேன் என்று இவரும் வாய் நிறையச் சொன்னார். கொஞ்ச நாள் பஸ்ஸில் போகவும் போனார். அப்புறம் முதுகு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று ஆகி, பிறகு மாதத்துக்கு ஒரு தடவை என்று தேய்ந்தது. கடைசியாகப் போனபோது மகள் கதவைத் திறந்து, "வாங்க, உட்காருங்க, அம்மா குளிக்கறாங்க" என்றாள். வீட்டுக்கு வந்த வேற்று ஆளிடம் சொல்வது போலச் சொன்னாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே கார் வாங்குவது என்று முடிவு கட்டினார்.

கடைக்கு எதிரே இருந்த மெக்கானிக் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "மாசத்துக்கு எவ்வளவு ஓடும், எத்தனை வருஷம் ஓடும், அதைச் சொல்லுங்க. வாராவாரம் வெளியூர் ஓட்டம், வருஷக்கணக்கா ஓட்டப்போறேன்னா கண்ணை மூடிக்கிட்டு டீசல். அப்பதான் கூடக் குடுத்த விலை திரும்பும். கடைக்கும் வீட்டுக்கும் உருட்டறதுக்கு டீசல் வாங்கினீங்கன்னா புகைக்குழாயில கரி அடைச்சு என்கிட்டதான் வந்து நிப்பீங்க. எனக்கு லாபம், உங்களுக்கு வேணாம்."

ஆக, மனைவி எப்போது திரும்பி வருவாள் என்று தெரிந்தால் வண்டியும் தெரிந்துவிடும். ஆனால் அதை மட்டும் அவர் அவளிடம் கேட்கவில்லை. ஊரையே கேட்டார். அவளிடம் போனில், "பெட்ரோலே போதும்னு பாக்கறேன், ரொம்ப ஓடப்போறதில்லையே" என்றார்.

"அப்போ இங்க வரப்போறதில்லன்னு சொல்றீங்க."

"ஐயோ, அப்படியில்லம்மா. நீதான் சீக்கிரம் வந்துடப்போறியே..."

 "பாப்பா கூப்பிடறா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள், "சரி, டீசலே வாங்கிடட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார். "உங்க இஷ்டம்" என்றாள். உங்க இஷ்டம் என்று மனைவி சொன்னால் அதில் புருஷனுடைய இஷ்டம் துளியும் கிடையாது என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும். அன்று முழுக்க அவர் கடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். போதாததற்கு, உட்கார்ந்திருந்தவர்களையும் எழுப்பி இடம் மாற்றி உட்கார வைத்தார்.

மனைவியின் தம்பி வண்டி பார்ப்பதில் கெட்டிக்காரன். பழைய கார் விற்கும் இடத்துக்கு அவனைத் துணைக்குக் கூட்டிப் போனார். ஒரு வெள்ளி நிற டீசல், அதன் பக்கத்தில் ஒரு பழுப்பு நிறப் பெட்ரோல். மச்சினன் கதவு இடுக்கில் துரு பார்த்தான், டயரைத் தடவினான், என்ஜின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டான். விற்கிறவர் டீசலைக் கிளப்பிவிட்டு, ஓட்டம் எப்படி என்று விசாரித்தார்.

"இன்னும் கொஞ்ச மாசம் வெளியூர் ஓட்டம் இருக்கு. அப்புறம் எங்க வீட்டம்மா வந்துடுவாங்க. கடைக்கும் வீட்டுக்கும்தான்" என்றார் கண்ணாடிக்காரர்.

உள்ளே குனிந்திருந்த மச்சினன் நிமிராமலே, "மாமா, டீசலே வாங்கிடுங்க" என்றான்.

"ஏன்டா?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது டீசல் வாங்குவானா? நிமிர்ந்து பேசுடா."

நிமிர்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா வர்ற மாதிரி தெரியல மாமா. திரும்பிப் போறீங்களான்னு ஆலையில கேட்டாங்களாம். வேணாம்னுட்டாளாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

 வண்டி உறுமிக்கொண்டிருக்க, கண்ணாடிக்காரர் வெளியே நடந்தார். நேராகப் பஸ் ஏறினார். வழி நெடுக உட்கார முடியாமல் நெளிந்தார். மனைவியோடு போடப்போகிற சண்டையை மனசுக்குள் திரும்பத் திரும்ப நடத்திப் பார்த்தார். எல்லாச் சண்டையிலும் அவரே ஜெயித்தார்.

ஆலைக்குள் அவர் வந்ததே இல்லை. விடுமுறை நாளில் வந்து போகிறவருக்கு அது எப்போதும் பூட்டித்தான் இருக்கும். காவலாளி வழி காட்ட, சாயப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே விளக்கடியில் மனைவி இரண்டு துண்டுத் துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைவிட மூத்த ஆட்கள் சுற்றி நின்று அவள் வாயையே பார்த்தார்கள். "இல்ல, இன்னும் கொஞ்சம் மஞ்சள் குறையணும்" என்று அவள் சொன்னதும் அத்தனை பேரும் கிளம்பி ஓடினார்கள். பழைய ஆலையில் வரிசையில் ஒருத்தியாக நின்றுவிட்டு, சாயங்காலம் வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்து விழுகிறவளைத்தான் அவருக்குத் தெரியும். இவளைத் தெரியாது. அவருக்குப் பொறாமையாக இருந்தது. ஓர் ஆலையின் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவரைப் பார்த்ததும் பதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வேணாம்னு சொன்னியாமே. ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?" அவளும் விடவில்லை. "ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம டீசலா பெட்ரோலான்னு கேட்டீங்க. இருக்கப்போறியா, வரப்போறியான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பஸ்ஸில் தயார் பண்ணிய பேச்சில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. "வரலன்னு சொல்லிடுவியோன்னு பயம்" என்றார்.

"எனக்கும் பயந்தான். வரலன்னு சொன்னா, நீங்க வர்றதும் நின்னு போயிடும்னு. ஏற்கெனவே குறைஞ்சு போச்சு." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இங்க பிடிச்சிருக்குங்க. காலையில எழுந்ததும் எப்படா வேலைக்குப் போவோம்னு இருக்கு. வருஷக்கணக்குல ஆகும். அது தப்பா?"

தப்பு என்று கத்த வேண்டும் போல இருந்தது அவருக்கு. இருட்டின வீட்டைத் திறந்து தானே விளக்குப் போடுகிற ஒவ்வொரு நாளையும் எடுத்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குப் பதில், போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, அந்த வெள்ளிக் கலர் வண்டியை வேற யாருக்கும் குடுத்துட வேணாம்னு சொல்லு."

"எது மாமா? டீசலா?"

"டீசல்தான்" என்றார். 

அவள் சாயக் கறை படிந்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். உள்ளேயிருந்து ஒருத்தி, என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரர் டீசல் வண்டி வாங்கறார்" என்றாள் அவள்.

அதற்கு எதற்கு அழ வேண்டும் என்று வந்தவளுக்கு விளங்கவேயில்லை.