கண்ணாடியில் மூன்று கை

பஸ் கண்ணாடியில் ஒரு சின்னக் கை.

வெளியே மழை. உள்ளே ஐம்பது பேருடைய மூச்சு. கண்ணாடி வெளுத்துப் போயிருந்தது. அந்த வெளுப்பில் ஏட்ரியன் தன் கையை அழுத்தி எடுத்தான். ஐந்து விரல். விரல்களுக்குள்ளே கறுத்த மலை தெரிந்தது.

"அக்கா, நீங்களும் வையுங்கோ. அம்மா, நீங்களும்."

ஜெசிந்தா வைத்தாள். அம்மா வைத்தாள். பெரிய கை, அதன் பக்கத்தில் பதினைந்து வயதுக் கை, கீழே ஆறு வயதுக் கை. மூன்றுக்குள்ளும் அதே மலை.

அம்மா கையை எடுத்தபோதுதான் ஜெசிந்தா பார்த்தாள். அம்மாவின் காதில் தோடு இல்லை.

வெறும் காது. இரண்டு துளை.

குளிக்கும்போதும் கழற்றாத தோடு. இத்தாலிக்காரர் வீடுகளில் தரை துடைக்கும்போதும் கழற்றாத தோடு.

மார்கிறற் பெரியம்மாவின் கதை ஜெசிந்தாவுக்குத் தெரியும். அம்மா அதைப் பெருமையாகச் சொல்வாள். ஊரில், பாசையூரில், அவளோடு கூடப்பிறந்த மாமா கடலுக்குப் போய் ஒன்பது நாள் திரும்பவில்லை. பெரியம்மா தோட்டைக் கழற்றி வைத்தாள். முழங்காலில் கோயிலுக்குப் போனாள். உயிருக்கு உயிர் என்று நேர்த்தி வைத்தாள். மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

திரி அடிவரை எரிந்தது. பத்தாம் நாள் மாமா வந்தார். முப்பதாம் நாள் பெரியம்மா காய்ச்சலில் போனாள்.

தன்னைக் கொடுக்கப் போகிறவள் பொன்னோடு போகக் கூடாதாம்.

"ஏனம்மா தோடு போடேல்லை?"

"காது கடிக்குது பிள்ளை."

அம்மா மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

இன்று ஞாயிறு. செவ்வாய்க்கிழமை தம்பிக்கு இதயத்தில் ஒப்பரேசன்.

நாவற்பழம் தின்றவனின் உதடு அவனுக்கு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். மாடிப்படி நாலு ஏறினால் குந்திவிடுவான். குந்திக்கொண்டு சிரிப்பான்.

போன கிழமை டொக்டர் பேசினார். வாளிக்கும் விளக்குமாற்றுக்கும் போதுமான இத்தாலி மொழிதான் அம்மாவுக்குத் தெரியும். இதயத்துக்குப் போதாது. அப்பா ஓட்டல் சமையலறையில். லீவு இல்லை. எனவே டொக்டரின் வாய்க்கும் அம்மாவின் காதுக்கும் நடுவில் ஜெசிந்தா இருந்தாள்.

நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றேழு பிள்ளைகள் சுகமாக வீட்டுக்குப் போகிறார்கள், மூன்று பேர் போவதில்லை என்றார் டொக்டர்.

அந்த மூன்று தொண்டையில் நின்றுவிட்டது. தொண்ணூற்றேழு என்று சொன்னால் மிச்சம் எங்கே என்று அம்மா கேட்பாள். எனவே இரண்டையும் விழுங்கினாள்.

"ஆபத்தும் இருக்காம் அம்மா." அவ்வளவுதான் சொன்னாள். டொக்டர் இன்னும் நிறையச் சொன்னார். அம்மாவுக்கு அந்த ஒரு சொல்தான் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பஸ் வளைவுகளில் ஏறியது. முன்னால் ஜெபமாலை. பின்னால் மீன் றோல்ஸ் வாசம். வருசா வருசம் பஸ் பிடித்துத் தமிழ்ச் சனத்தை, வானதூதர்களின் தலைவரான அதிதூதரின் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிற றூபி அன்ரி, நடுவில் நின்று ஆள் எண்ணினாள்.

"சிவலோகன் அண்ணை, திருநீறோட வாறியள். அதிதூதர் உள்ள விடுவாரோ?"

"அவற்ற கையிலயும் வேல். முருகன்ர கையிலயும் வேல். ரெண்டும் ஒரே பட்டறைதான், நீ பேசாம எண்ணு."

பஸ் சிரித்தது. றூபி அன்ரி அம்மாவிடம் குனிந்தாள். "பிலோமினா, நீயும் சிரி கொஞ்சம். செத்தவீட்டுக்கே போறம்?"

அம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த ஜெசிந்தா மறுபடி அந்த வெறும் காதைப் பார்த்தாள்.

மலை உச்சியில் ஊர். ஊருக்கு அடியில் கோயில்.

எல்லாக் கோயிலுக்கும் ஏறிப் போவார்கள். இந்தக் கோயிலுக்கு இறங்கிப் போக வேண்டும். தொள்ளாயிரம் வருசமாகச் சனம் இறங்கிக்கொண்டிருக்கிறது. பாறையில் வெட்டிய படிகள். ஒவ்வொரு படியும் நடுவில் ஆட்டுக்கல்லைப்போலக் குழிந்திருந்தது.

முதல் படியில் அம்மா முழங்காலில் நின்றாள்.

"அம்மா, வேண்டாம்."

"நீ தம்பியைத் தூக்கு."

ஒரு முழங்கால். மற்ற முழங்கால். ஒரு படி. ஒரு முழங்கால். மற்ற முழங்கால். அடுத்த படி. மேலே ஏறி வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிணத்துக்குக் கழற்றுவதுபோல.

தம்பி ஜெசிந்தாவின் முதுகில் இருந்தான். அவனுடைய இதயம் அவளுடைய முதுகில் அடித்தது. தட். தட். நடுவில் ஒரு சறுக்கல். பிறகு தட்.

கீழே போகப் போக மழைச் சத்தம் மறைந்தது. வெளிச்சம் மறைந்தது. ஈரம் மட்டும் கூடவே வந்தது.

பிறகு கைகள் வந்தன.

சுவர் முழுக்கக் கைகள். அந்தக் காலத்தில் நடந்து வந்தவர்கள் கல்லில் தங்கள் கையை வைத்து, சுற்றிக் கோடு வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நூற்றுக்கணக்கில். எல்லாம் விரிந்த கைகள். நில் என்று சொல்லும் கைகள்.

தம்பி முதுகிலிருந்து எட்டித் தன் கையை ஒன்றில் வைத்தான். ஆகச் சின்னக் கை அது.

"அக்கா, சரி அளவு!"

விரலுக்கு விரல். நகத்துக்கு நகம்.

"எடு கையை."

"ஏன்?"

"எடு எண்டு சொல்லுறன்."

எடுத்தான். கல்லில் இருந்த கை அப்படியே இருந்தது.

அடியில் குகை. பாறையே கூரை. கூரையிலிருந்து சொட்டு. ஒரு சொட்டு, நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.

அதிதூதர் வெள்ளைக் கல்லில் நின்றார். ஒரு கையில் வேல். மற்றக் கையில் தராசு. தராசின் இரண்டு தட்டிலும் விரலளவு மனிதர்கள் இருந்தார்கள். ஒரு தட்டு தாழ்ந்திருந்தது.

மெழுகுதிரிகள் எல்லாம் மின்சாரத் திரிகள். காசு போட்டால் பல்ப்பு எரியும். கொஞ்ச நேரத்தில் டிக் என்று தானாக அணையும்.

"பல்ப்புக்கு ஆர் நேர்த்தி வைக்கிறது?" என்றாள் அம்மா. கைப்பையிலிருந்து மஞ்சள் மெழுகுதிரி ஒன்றை எடுத்தாள். ஊர்க் கோயிலிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. காவல்காரப் பெண் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், தூணுக்குப் பின்னால், படிச் சுவரில் இருந்த கைகளுக்குக் கீழே ஒரு பொந்தில் கொளுத்தினாள்.

பிறகு முணுமுணுத்தாள். அங்கே நின்ற யாருக்கும் அது விளங்காது. ஜெசிந்தாவுக்கு விளங்கியது.

"அவனை விட்டிடும். அவனுக்குப் பதிலா என்னை எடும்."

அம்மா எழுந்தாள். முழங்கால்களில் ரத்தமும் சேறும். தம்பியை வாங்கிக்கொண்டாள்.

"எரிஞ்சு முடியுமட்டும் நிண்டு பார் பிள்ளை. நான் திரும்பிப் பாக்கக் கூடாது."

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிதான் தோளுக்கு மேலால் பார்த்தான். கையை ஆட்டினான். படிகள் வளைந்த இடத்தில் அந்தக் கையும் போனது.

ஜெசிந்தாவும் திரியும்.

டிக். ஒரு பல்ப்பு அணைந்தது. டிக். இன்னொன்று. அவள் கொளுத்தாத வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகப் போயின. அம்மாவின் வெளிச்சம் மட்டும் நின்றது. மஞ்சள். நிமிர்ந்து. ஆடாமல்.

அழுத்தமாக எரிந்தது. அவசரமாக எரிந்தது. யாரோ அடியிலிருந்து குடிப்பதுபோல மெழுகு இறங்கியது.

ஒரு தட்டில் தம்பி. ஒரு தட்டில் அம்மா.

தொண்ணூற்றேழு என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், இந்தத் திரி இன்னும் கைப்பைக்குள் கிடந்திருக்கும். அம்மாவின் காதில் தோடு இருந்திருக்கும். அந்த ஒற்றைச் சொல்லைக் கொடுத்தவள் அவள். அம்மா அதை வாங்கி, முழங்காலில் சுமந்து, இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

திரி பாதிக்கு வந்தது.

நேர்த்தித் திரியை வாயால் ஊதக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். அதை ஏன் அந்த நேரத்தில் நினைத்தாள் என்பதுதான் தெரியவில்லை.

இரண்டு விரலால் நெருப்பைப் பிடித்து நூத்தாள்.

சுட்டது. இருட்டியது. புகை எழுந்தது. மெல்ல, சுவரோடு, அந்த ஆகச் சின்னக் கையின் விரல்களுக்குள் நுழைந்து, மேலே போனது.

அப்போதுதான் தராசின் பக்கம் திரும்பினாள். ஒரு தட்டிலிருந்து அம்மாவைப் பிடித்து இழுத்துவிட்டாள். தட்டு இப்போது எந்தப் பக்கம் தாழும்?

நான் ஆரை நூத்தனான்?

பாதித் திரியைச் சட்டைப்பையில் போட்டாள். படிகளில் ஓடினாள். சுவர் முழுக்க நில், நில், நில் என்றது.

பஸ் இறங்கியது. மழை விடவில்லை. தம்பி அம்மாவின் மடியில் நித்திரை. வாய் திறந்திருந்தது. நாவற்பழ உதடு.

அம்மாவின் முகத்தில் பாரம் இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் பயமாக இருந்தது.

"தம்பிக்குக் குளிசை காலமை ரெண்டு, பின்னேரம் ஒண்டு," என்றாள் அம்மா. மெல்ல, கதைபோல. "அப்பாவுக்குப் புட்டுமா எங்க இருக்கெண்டு தெரியாது. மேல் தட்டில, பச்சை மூடி. நீதான் பாக்கோணும்."

"ஏன் நான்?"

"சும்மா சொல்லுறன்."

ஒரு வளைவு. இன்னொரு வளைவு.

"திரி முடிஞ்சுதோ?"

ஓம் என்று சொல்லலாம். ஓம் என்பது சின்னச் சொல். பச்சை மூடி அவள் கண்ணுக்குள் நின்றது.

"முடியேல்லை அம்மா. நான் நூத்திட்டன்."

சட்டைப்பையிலிருந்து பாதித் திரியை எடுத்தாள். விரல் நுனி இரண்டும் கறுத்திருந்தன.

அம்மா அடிக்கவில்லை. கத்தவில்லை. திரியைப் பார்த்தாள். மடியில் கிடந்தவனைப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"அப்ப அதிதூதர் இனி ஆரைக் கேக்கப் போறார்?"

முன் சீற்றில் யாரோ பாட்டுத் தொடங்கினார்கள். அதற்குள் ஜெசிந்தா எல்லாவற்றையும் கொட்டினாள். மூச்சு விடாமல்.

"நூறு பிள்ளையளில தொண்ணூற்றேழு பேர் சுகமா வீட்ட போகினமாம். டொக்டர் அண்டைக்கே சொன்னவர். நான்தான் சொல்லேல்லை. நீங்கள் மிச்சத்தைக் கேப்பியள் எண்டு பயந்து சொல்லேல்லை. அம்மா, தொண்ணூற்றேழு அம்மா."

அம்மா உதட்டை அசைத்தாள். எண்ணுகிறாள் என்று தெரிந்தது. எங்கே வந்து நிற்பாள் என்றும் தெரிந்தது.

மிச்சத்தை அவள் கேட்கவில்லை.

ஜெசிந்தாவின் கையைப் பிடித்திழுத்தாள். சுட்ட விரல் இரண்டையும் தன் வாய்க்குள் வைத்தாள். சின்ன வயதில் செய்ததுபோல. அம்மாவின் கண்ணிலிருந்து விழுந்த தண்ணீர் அவள் மணிக்கட்டில் சூடாக ஓடியது.

பிறகு கைலேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தோடு இரண்டும் இருந்தன. உள்ளங்கையில் போட்டாள். காதில் போடவில்லை. திரும்ப முடிச்சுப் போடவும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

குகைப் பாதைக்குள் பஸ் நுழைந்தது. எல்லாம் கறுத்தது. ஜெசிந்தா கண்ணாடியைப் பார்த்தாள். காலையில் வைத்த கைகள் காய்ந்து போயிருந்தன. ஒன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடி.

கிட்டப் போய் வாயைத் திறந்து மூச்சை விட்டாள்.

பெரிய கை வந்தது. பக்கத்தில் அவளுடைய கை வந்தது.

கீழே ஒன்றும் வரவில்லை.

இன்னும் குனிந்தாள். நெஞ்சின் அடியிலிருந்து விட்டாள். ஒரு விரல் வந்தது. இன்னொரு விரல். காத்திருந்தாள். ஐந்தும் வந்தன. வந்ததும் ஓரங்கள் சுருங்கத் தொடங்கின.

மறுபடி மூச்சு விட்டாள். மறுபடி.

பாதை முடிந்து வெளிச்சம் வந்தது. மழை வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் இரண்டு இரவு. அவள் நிறுத்தவில்லை.

பஸ் கண்ணாடியில் ஒரு சின்னக் கை.