மெஷினுக்கு ஓர் இடம்

"அந்த மூலையில தண்ணி சரியா படலை பாரு," என்றார் அப்பா, ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

மகள் குவளையில் மொண்டு மூலையில் வீசினாள். பூசி மூன்று நாளான சுவர். காயவிட்டால் வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் கொத்தனார்.

அவள் நிற்பது புது அறை. அவர் படுத்திருப்பது பழைய அறை. நடுவில் கம்பி ஜன்னல். முன்பு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது புது அறையைப் பார்க்கிறது. சுவரில் இன்னும் வழி திறக்கவில்லை. கொத்தனார் உடைக்கத் தயார்தான். "அவ வரேன்னு சொல்லட்டும், அப்புறம் உடைக்கலாம்" என்று அப்பாதான் நிறுத்தி வைத்திருந்தார். அதுவரை இந்த அறைக்கு வர, வாசலில் இறங்கி வீட்டைச் சுற்றித்தான் வரவேண்டும்.

"இருந்த ஒரே ஜன்னலையும் அடைச்சாச்சு," அம்மா உள்ளே துணி மடித்தபடி முணுமுணுத்தாள். "பகல்லயே லைட்டு. ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரிய வேணாமா?"

"உன் மூஞ்சிதான் நாப்பது வருஷமா மனப்பாடமாச்சே!"

சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. மருத்துவமனையில் கைவிரித்து அனுப்பி ஐந்து நாள் ஆகிறது.

கல்யாணப் பேச்சில் சண்டை போட்டுக்கொண்டு போனவள் மகள்; அப்பாவுக்கு முடியவில்லை என்று கேட்டு இப்போது பார்க்க வந்திருக்கிறாள். வெளியூரில் வாடகை அறை, தையல் வேலை, ஒற்றைப் பிழைப்பு. கோபம் என்னவோ இரண்டாம் வருஷமே ஆறிவிட்டது. திரும்பி வரத்தான் ஒரு சாக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சாக்கைத்தான் மனுஷர் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார். எப்போது வருகிறாய் என்று அவர் போனில் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்ப்பா" என்பாள். அப்பனுக்குப் பிறந்த வீம்பு, வேறென்ன!

"மெஷினை எங்க போடுவே?" என்றார் இப்போது.

தொண்டைவரை வந்ததை விழுங்கியே பழகியவள், கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்தாள்.

"கிழக்கு ஜன்னலுக்குக் கீழப்பா. காலையில ஊசி கோக்க வெளிச்சம் வரும்." குந்தி உட்கார்ந்து, மெஷினின் நான்கு கால்களுக்கும் தரையில் குறி போட்டாள். "வெட்டற மேஜை இந்தப் பக்கம். நூல்கண்டுக்கு ஒரு அலமாரி, கை எட்டற உயரத்துல. எங்க உக்காந்தாலும் அம்மா திட்டறது கேக்கும்."

ஜன்னலுக்கு முதுகைக் காட்டியே பேசினாள். முகம் பார்த்துத் தோற்க இன்னும் வெட்கம்.

"அடுத்த மாசமே வந்துடறேன்ப்பா. நாளைக்கே சுவத்த உடைக்கச் சொல்லுங்க."

செங்கல் துண்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா, கேட்டுச்சா?"

உள்ளே துணி உதறும் சத்தம் நின்றது. அம்மா அவர் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு மூக்கருகே விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை.

மகள் ஓடிவந்து கம்பிக்குள் கையை விட்டாள். தோள்வரை நுழைத்தும் கட்டில் எட்டவில்லை. சுற்றிக்கொண்டு போகவேண்டும். கம்பியை விட மனம் வரவில்லை.

"கேட்டாராம்மா?"

அம்மா அவளைப் பார்த்தாள். கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தாள். அசையவில்லை. காலை அழுந்த ஊன்றிக்கொண்டு, மறுபடியும் இழுத்தாள்.